விலங்குகளின் சிறு வெண்கலச் சிற்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கையில் அடங்கும் பூனையிலிருந்து மேசைமேல் நிற்கும் குதிரை வரை, ஏறக்குறைய 5 முதல் 40 செ.மீ. உயரமுள்ள உருவங்களைப் பற்றிய கேள்விகள் இவை. செய்பவர், வாங்குபவர், வைத்துப் பாதுகாப்பவர் மூவருக்குமானவை. செய்முறைக்கு இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம். அது மெழுகு வார்ப்பு: மெழுகில் எடுத்த உருவத்தை அச்சுக்குள் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது. ஒரு சிற்பம் எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் அதைச் சோதிக்கவும் காக்கவும் முடியும்.

சிறு உருவத்துக்கு எந்தக் கலவை ஏற்றது?

பழைய வழக்கம் 90 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம். செம்பு தனியாக 1085 டிகிரி செல்சியஸில் உருகும். பத்துப் பங்கு வெள்ளீயம் சேர்ந்ததும் ஏறக்குறைய 1000 டிகிரியிலேயே முழுதாக இளகி, செம்பைவிட நன்றாக ஓடும். பூனையின் காது நுனி, மானின் குளம்பு போன்ற மெல்லிய இடங்கள் நிரம்ப அந்த ஓட்டம்தான் வேண்டும்.

இன்றைய பட்டறைகள் பலவற்றில் சிலிக்கான் வெண்கலம் புழங்குகிறது. செம்பு ஏறக்குறைய 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1. ஈயம் இல்லாததால் புகை அவ்வளவு நச்சல்ல. வாலைத் தனியாக வார்த்து ஆர்கான் வாயுவில் பற்றவைத்தாலும் இணைப்பு சுத்தமாக அமையும். முதல்முறை வார்ப்பவர்களுக்கு இதையே சொல்வோம்.

கொஞ்சம் ஈயம் கலந்தால் உளிக்கும் அரத்துக்கும் உலோகம் இளகிக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஈயப் புகை உடலில் தங்கும், பற்றவைப்பும் கெடும். குழாய் மூடி, பூட்டு, மணி என்று கிடைத்த பழைய உலோகத்தை உருக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பித்தளை. உருக்கும்போது துத்தநாகம் வெண்புகையாக எழும்பி, அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரவைக்கும்.

கலவை ஒன்றுதான் என்று எப்போதும் இருந்ததில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 600ஐ ஒட்டிய எகிப்தியப் பூனையான கேயர்-ஆண்டர்சன் பூனையில் செம்பு ஏறக்குறைய 85, வெள்ளீயம் 13, ஆர்செனிக் 2 விழுக்காடு இருக்கின்றன.

கனமாக வார்ப்பதா, உள்ளே பொள்ளலாகவா?

உடலின் மிகத் தடித்த இடம் ஒன்றரை செ.மீ.க்கு உட்பட்டால் கனமாகவே வார்க்கலாம். அதற்கு மேல் போனால் பொள்ளலாக வார்ப்பதே நல்லது. உலோகத்தை மிச்சப்படுத்துவது இதில் இரண்டாவது காரணம்தான். தடித்த இடம் கடைசியில் உறையும், உறையும்போது சுருங்கும். சுற்றியிருப்பது ஏற்கெனவே இறுகிவிட்டதால் பாயும் உலோகம் கிடைக்காமல் முதுகிலோ தொடையிலோ குழி விழும். சுவர் எங்கும் 3 முதல் 5 மி.மீ. என்று ஒரே அளவில் இருந்தால் இந்தச் சிக்கல் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

கன வார்ப்பால் முடியாது என்று பொருள் கொள்ள வேண்டாம். மகாராஷ்டிரத்தின் தைமாபாத்தில் 1974இல் கிடைத்த யானை, காண்டாமிருகம், எருமை, மாடு பூட்டிய வண்டி ஆகிய நான்கும் கன வார்ப்புகள். நான்கும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் எடை. அவற்றைச் செய்தவர்கள் கால்களைத் தூண்போலத் தடிமனாக வைத்தார்கள். கால், உடல் இரண்டின் தடிமனும் நெருங்கியிருக்கும்போது உறைதலும் சீராக நடக்கும்.

நான்கு மெல்லிய கால்களில் விலங்கை எப்படி நிற்கவைப்பது?

களிமண்ணிலோ மெழுகிலோ உருவம் பிடிக்கும்போது உள்ளே அலுமினியக் கம்பி எலும்புக்கூடு வேண்டும். 15 செ.மீ. உயர விலங்குக்கு முதுகெலும்புக்கு 3 மி.மீ., கால்களுக்கு 2 மி.மீ. போதும். கால் கம்பிகள் குளம்பைத் தாண்டி 3 செ.மீ. நீண்டு பலகைத் துளைகளில் இறங்கட்டும். கம்பியை வளைக்கும்போதே மூட்டுகளைச் சரியாகக் குறியுங்கள். குதிரை, நாய், பூனை எல்லாவற்றிலும் பின்காலில் பின்னோக்கி மடங்குவது குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இந்த ஒரு தவறுதான் புதியவர்களின் உருவங்களில் அதிகம். எவ்வளவு அழகாக மயிர் கீறினாலும் பிறகு சரியாகாது.

சமநிலையை மெழுகிலேயே சோதிக்க வேண்டும். முடிந்த மெழுகை ஒரு கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, தகட்டை நான்கு பக்கமும் ஏறக்குறைய 10 டிகிரி சாயுங்கள். விழுந்தால் வெண்கலமும் விழும். அப்போது ஒரு காலை நகர்த்தலாம், பீடம் சேர்க்கலாம், அல்லது வயிற்றுக்குக் கீழே பாறை, அடிமரம், புல் என்று ஒரு தாங்கல் வைக்கலாம். சீனாவின் வூவேயில் 1969இல் தோண்டி எடுத்த பறக்கும் குதிரை 34.5 செ.மீ. உயரம். மூன்று கால்கள் காற்றில் இருக்க, நான்காவது குளம்பு ஒரு பறவையின் மேல் ஊன்றியிருக்கிறது. சிறகு விரித்த அந்தப் பறவைதான் அகன்ற பீடமாக வேலை செய்கிறது. குதிரையின் எடைமையம் அதற்கு நேர் மேலே விழுகிறது.

மெழுகு எப்படி இருக்க வேண்டும்?

தேன்மெழுகு மட்டும் என்றால் கையில் இழுபடும். பாரஃபின் மட்டும் என்றால் நொறுங்கும். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, எண்ணெய் விட்டு இளக்குவது பழைய முறை. குங்கிலியம் கூடினால் கடினம், எண்ணெய் கூடினால் மென்மை. குளிர்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் அளவு மாறும். கடையில் வாங்கும் பழுப்பு வார்ப்பு மெழுகும் நன்றாகவே உழைக்கும்.

முதலில் பிடித்த உருவத்தின் மேல் செய்த ரப்பர் அச்சிலிருந்து மெழுகுப் படி எடுக்கும்போது முதல் பூச்சைச் சூடாக, 85 டிகிரி அளவில், தூரிகையால் தடவுங்கள். மயிர்க்கோடுகள் அதில்தான் பதியும். பிறகு 70 டிகிரிக்குத் தணிந்த மெழுகை ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்தால் சுவர் ஏறும். மூன்று நான்கு சுற்றில் 4 மி.மீ. வந்துவிடும். முகவாய், கால் முனை போன்ற குறுகிய இடங்கள் தாமாகவே கனத்து நிரம்பிவிடும், அதைத் தடுக்க வேண்டாம். அச்சிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள், இல்லாவிட்டால் கால்கள் வளையும்.

அரை மி.மீ.க்கும் மெல்லிய கீறல் வார்ப்பில் பிழைப்பது அரிது. மயிரை ஒவ்வோர் இழையாகக் கீறுவதைவிட, அது உடலில் புரளும் திசையைக் கொத்துக் கொத்தாகக் காட்டுவது வெண்கலத்தில் நன்றாகத் தெரியும்.

ஊற்றுக்குழலையும் காற்றுக்குழலையும் எங்கே பொருத்துவது?

நான்கு கால் விலங்குக்கு இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. உலோகம் இறங்கும் வழி ஊற்றுக்குழல், காற்று வெளியேறும் வழி காற்றுக்குழல். இரண்டையும் மெழுகிலேயே செய்து உருவத்தில் ஒட்டுவார்கள்.

உருவத்தைத் தலைகீழாக, கால்கள் மேல் நோக்கி இருக்கும்படி வைப்பது வழக்கம். அப்படி வைத்ததும் குளம்புகள் ஊற்றுவாயை ஒட்டி இருப்பதால், கால்கள் வழியாகவே உலோகத்தை இறக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். கால் மெல்லியது, முதலில் உறைந்துவிடும். பிறகு தடித்த உடல் சுருங்கும்போது அதற்கு உலோகம் போகும் வழி அடைபட்டுக் கிடக்கும். முதன்மைக் குழல் கால்களுக்கு நடுவே இறங்கி நேராக வயிற்றில் சேர வேண்டும். அந்தக் குழலின் தடிமன் அது சேரும் இடத்தின் உலோகத் தடிமனைவிடக் கூடுதலாக இருக்கட்டும். 15 செ.மீ. பொள்ளல் குதிரைக்கு 8 முதல் 10 மி.மீ. குழல் போதும். முன்மார்புக்கும் பின்தொடைக்கும் இரு கிளைகள் விடலாம். ஊற்றுவாய்க் கிண்ணம் உருவத்தின் மிக உயர்ந்த புள்ளியைவிட 5 செ.மீ.யாவது மேலே இருந்தால்தான் அழுத்தம் கிடைக்கும்.

காற்றுக்குழல்கள் 2 முதல் 3 மி.மீ. தலைகீழாக வைத்த நிலையில் எந்தெந்த முனை மேல்நோக்கி முட்டி முடிகிறதோ அங்கெல்லாம் ஒன்று வேண்டும்: ஒவ்வொரு குளம்பு, நிமிர்ந்த நிலையில் கீழே தொங்கும் வால் நுனி, கீழ்த்தாடை, தாடி. காதுகள் இப்போது அடியில் இருப்பதால் தாமாகவே நிரம்பும். காற்றுக்குழல் எதுவும் கீழ்நோக்கிச் சரியக்கூடாது.

பொள்ளல் உருவமானால் கருவை, அதாவது மெழுகுச் சுவருக்கு உள்ளே நிரப்பிய அச்சுக் கலவையை, நிலைநிறுத்தும் ஆணிகளை மறக்காதீர்கள். மெழுகு உருகி ஓடியதும் கருவைப் பிடித்திருப்பது அவை மட்டுமே. உடல் முழுக்கக் குறைந்தது ஆறு எட்டு ஆணிகள், ஒன்றுக்கொன்று எதிரெதிர்த் திசையில், 1.5 மி.மீ. எஃகிலோ வெண்கலத்திலோ. பாதி மெழுகுக்கு உள்ளே, பாதி வெளியே. ஆணி குறைந்தால் கரு ஒரு பக்கம் சரிந்து, ஒருபுறச் சுவர் தடித்து மறுபுறம் ஓட்டையாகிவிடும்.

எவ்வளவு உலோகம் வேண்டும்?

குழல்களோடு சேர்த்து மெழுகை எடை போட்டுப் பத்தால் பெருக்குங்கள். உருவம் 140 கிராம், குழல்களும் கிண்ணமும் 70 கிராம் என்றால் 210 கிராம், அதாவது 2.1 கிலோ வெண்கலம். கசடுக்கும் உலோகம் உருக்கும் மூசையில் ஒட்டுவதற்கும் 10 விழுக்காடு சேர்த்து 2.3 கிலோ வையுங்கள். எடை போடுவது மெழுகாக மட்டும் இருக்க வேண்டும். கரு உள்ளே இருந்தால் அதன் எடையைக் கழிக்க வேண்டும்.

அச்சு: சாந்தா, செராமிக் ஓடா?

பாரிஸ் சாந்தும் சிலிக்கா மாவும் சம எடையில் கலந்த அச்சு வீட்டுப் பட்டறைக்கு எளிது. இதை மெதுவாகச் சுட வேண்டும். 150 டிகிரியில் பல மணி நேரம் நிறுத்தி நீர் முழுதும் போகவிட்டு, படிப்படியாக 650 முதல் 700 வரை ஏற்றி, மெழுகுக் கரி தீரும்வரை வைத்திருங்கள். ஒரு வாளி அளவு அச்சுக்கு ஒன்றரை நாள் ஆகும். 750ஐத் தாண்டினால் சாந்து சிதையத் தொடங்கிக் கந்தக வாயு விடும். அது உலோகத்தின் தோலைக் கறுப்பாக அரிக்கும்.

செராமிக் ஓட்டுக்கு விதி நேர் எதிர். சிலிக்கா கரைசலில் முக்கி, மணல் தூவி, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது என்று ஏழெட்டுப் பூச்சு போட்டால் 6 முதல் 8 மி.மீ. ஓடு கிடைக்கும். இதை ஏற்கெனவே 850 டிகிரிக்குச் சூடேறிய உலைக்குள் சட்டென்று வைக்க வேண்டும். மெழுகு ஓட்டைவிட அதிகமாக விரிவடையும். மெதுவாகச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கட்டி விரிந்து ஓட்டைப் பிளக்கும். சட்டென்று சூடானால் மெழுகின் மேல்தோல் முதலில் உருகி வழிந்து, விரிவுக்கு இடம் விடும். கால் இடுக்குகளில் பூச்சு காயாமல் இருப்பதே ஓடு வெடிக்க முதல் காரணம். அங்கே விசிறிக் காற்று போக வேண்டும்.

ஊற்றும்போது எதில் கவனம்?

ஈரத்தில். மற்றவை பிறகு. ஈரமான அச்சிலோ இடுக்கியிலோ உருகிய வெண்கலம் பட்டால் நீராவி வெடித்து உலோகம் முகம் வரை தெறிக்கும். சிமெண்டுத் தரையில் சிந்தினாலும் தரைக்குள் இருக்கும் ஈரம் அதையே செய்யும். எனவே உலர்ந்த மணல் படுகையின் மேல் நின்று ஊற்றுங்கள். முகக் கவசம், தோல் ஏப்ரன், தோல் காலணி, பருத்தி உடை கட்டாயம். செயற்கை இழை உடை உருகித் தோலில் ஒட்டும். அச்சை உடைக்கும்போது சிலிக்கா தூசு பறக்கும், அதற்கு உரிய சுவாச வடிகட்டி அணிய வேண்டும்.

வெப்பம் 1100 முதல் 1180 டிகிரி. மெல்லிய உருவத்துக்கு மேல் எல்லை, தடித்ததற்குக் கீழ் எல்லை. சூடு கூடினால் நன்மை என்று நினைத்து உலையிலேயே விட்டு வைத்தால் உலோகம் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். கசடை ஒதுக்கி, இடைவிடாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள்.

வார்ப்பில் குறை வந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

குறையின் வடிவமே காரணத்தைச் சொல்லும். உருண்டையான, உள்ளே மினுங்கும் சிறு துளைகள் என்றால் வாயு: ஈரம், அழுக்கு உலோகம், அல்லது அதிகச் சூடு. முரடான, பஞ்சு போன்ற குழி தடித்த இடத்தில் இருந்தால் சுருக்கம்: குழல் மெலிந்துவிட்டது அல்லது தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது. காது, வால் நுனி உருண்டு மழுங்கி முடிந்திருந்தால் அங்கே உலோகம் போய்ச் சேருமுன் உறைந்தது அல்லது காற்று வெளியேற வழியில்லை. உடலில் மடிப்புக் கோடு தெரிந்தால் இரண்டு ஓட்டங்கள் சந்தித்தும் ஒட்டவில்லை. மெல்லிய செதிலாக உலோகம் வெளியே நீண்டிருந்தால் அச்சில் விரிசல், அதாவது சூட்டை அவசரமாக ஏற்றியது.

கணக்கிட்டால் இவற்றில் பெரும்பாலானவை உலையில் நடந்த தவறுகளே அல்ல. மெழுகைக் கையில் வைத்திருந்தபோதே திருத்தியிருக்கக்கூடியவை.

கொம்பு, மீசை போன்றவற்றை என்ன செய்வது?

மான் கொம்பைத் தனியாக வார்த்து, 2 மி.மீ. ஆணி வைத்துப் பொருத்திப் பற்றவைப்பதே பாதுகாப்பு. மீசையை வெண்கலத்தில் செய்ய வேண்டாம், அது வரும் வேர்ப்புள்ளிகளைக் காட்டினால் போதும். குழல் வெட்டிய தழும்புகளை அரத்தால் சீவி, பக்கத்தில் உள்ள மயிர்க்கோட்டை உளியால் தொடர்ந்து இழுத்து மறையுங்கள். வழவழப்பாகத் தேய்த்துவிட்டால் நிறம் ஏற்றியதும் அந்த இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

நிறம் ஏற்றுவது எப்படி?

மணல் பீச்சியோ கம்பித் தூரிகையாலோ தேய்த்து, கை படாமல் கழுவி உலர்த்துங்கள். கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் பொட்டாசியம் சல்பைடு, ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 கிராம். தடவியபின் எஃகு நாரால் மேடுகளை லேசாகத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் கருமை தங்கி, தசை தெரியும். அதன் மேல் ஃபெரிக் நைட்ரேட், லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம். தீச்சுடரால் உலோகத்தைச் சூடாக்கி, தெளித்த துளி சீறி உடனே ஆவியாகும் நிலையில் மெல்ல மெல்லப் பூசினால் பொன்னிறம், பழுப்பு, செம்பழுப்பு என்று ஏறும். துளி உருண்டு குதித்தால் சூடு மிஞ்சிவிட்டது. துளி தேங்கி நின்றால் சூடு போதவில்லை, அந்த நிறம் கையோடு வந்துவிடும். பச்சைக்கு செம்பு நைட்ரேட். இளஞ்சூடு இருக்கும்போதே மெழுகு தடவுங்கள். இந்த ஆவிகள் மூச்சுக்குக் கேடு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

விலங்குக்கு ஒரே நிறம் அடர்த்தியாக ஏற்றினால் பொம்மையாகிவிடும். மெல்லிய பூச்சுகள் பலவும், உள்ளிருந்து உலோகம் ஒளிர இடமும் வேண்டும்.

பழைய சிற்பம் அசலா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பகுதியில்தான் உண்மை இருக்கும்: சுவர்த் தடிமன், மரை, இணைப்பு, கருவின் மிச்சம். மறைவான இடத்தில் சிறு கீறலில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் தெரிந்தால் செம்புக் கலவை. வெள்ளிநிறம் தெரிந்தால் வெண்கலப் பூச்சிட்ட துத்தநாகம். அளவுக்கு எடை குறைந்து, தொட்டால் குளிர்ச்சி இல்லாவிட்டால் வெண்கலத் தூள் கலந்த ரெசின். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஆனால் உள்ளே எஃகு ஆணி இருந்தாலும் ஒரு புள்ளியில் ஒட்டும்.

பிரெஞ்சு விலங்குச் சிற்பங்களில் சிக்கல் வேறு. அந்துவான்-லூயி பாரி (1795–1875) முதலையைப் புலி விழுங்கும் சிற்பத்தை 1831ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கலைக் கண்காட்சியில் வைத்த பிறகு இந்த வகை பெருகியது. 1848இல் அவர் கடனில் மூழ்கியபோது மாதிரிகள் கைமாறின. அவர் இறந்தபின் பலவற்றை பார்பெதியன் வார்ப்பகம் வாங்கித் தொடர்ந்து வார்த்தது. எனவே அவர் பெயர் பொறித்த எல்லாம் அவர் கண்முன் வார்த்தவை அல்ல, அதனாலேயே போலியும் அல்ல. ரெம்பிராண்ட் புகாட்டியின் (1884–1916) உருவங்களில் எப்ரார் வார்ப்பகத்தின் முத்திரையும் எண்ணும் பார்க்க வேண்டும்.

வார்ப்பிலிருந்தே அச்செடுத்து மறுபடி வார்த்தது மிகப் பெரிய ஏமாற்று. வெண்கலமும் மெழுகும் சுருங்குவதால் அப்படிப்பட்ட படி 2 முதல் 3 விழுக்காடு சிறுத்துவிடும். 30 செ.மீ. நீளச் சிற்பம் 6 முதல் 9 மி.மீ. குறையும். அருங்காட்சியகப் படியின் அளவோடு ஒப்பிட்டால் பிடிபடும். கீறல்கள் மழுங்கியிருப்பது இரண்டாவது சான்று.

பாயும் குதிரையின் கால்களைப் பார்த்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவு. முன்கால் முன்னும் பின்கால் பின்னும் நீட்டி, நான்கும் தரையில் இல்லாமல் பாய்வது பழைய வழக்கம். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்கள், நான்கு குளம்பும் தரையை விட்டிருக்கும் கணத்தில் கால்கள் வயிற்றுக்குக் கீழே குவிந்திருப்பதைக் காட்டின. குவிந்த கால்களைச் சரியாகக் காட்டும் சிற்பம் அதற்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நீட்டிய கால்கள் எதையும் நிரூபிக்காது, பின்னரும் பலர் அப்படியே செய்தார்கள்.

வண்ணம் பூசிய சிறு பறவை, பூனை உருவங்களைக் கழுவலாமா?

கூடாது. வியன்னாவில் செய்த இந்த உருவங்களில் வண்ணம் சூளையில் சுடாமல் அப்படியே தீட்டியது. சாராயம், தின்னர் எதுவும் பட்டால் கரைந்துவிடும், வண்ணம் போனால் மதிப்பும் போகும். மென்தூரிகையால் தூசு தட்டினால் போதும். பெர்க்மன் பட்டறையின் அடையாளம் ஜாடி வடிவத்துக்குள் ஓர் எழுத்து, அல்லது Bergman என்ற பெயரைத் திருப்பிப் போட்ட 'நாம் கிரெப்' (Nam Greb). அந்த அடையாளத்தையும் பின்னாளில் போலியாகப் போட்டிருக்கிறார்கள்.

வழக்கமான பராமரிப்பு?

வண்ணம் பூசாத வெண்கலத்தை ஆண்டுக்கு ஒருமுறை, காய்ச்சி வடித்த நீரில் சில துளி மென்மையான சோப்புக் கரைசல் விட்டு மென்தூரிகையால் கழுவி, உடனே உலர்த்தி, நுண்படிக மெழுகை மெல்லத் தடவித் துணியால் மெருகேற்றுங்கள். பித்தளை துலக்கும் பசையும் புளிப்பான எதுவும் நிறத்தை ஒரே தேய்ப்பில் அழித்துவிடும். எடுக்கும்போது பீடத்தையும் உடலையும் இரு கைகளால் பிடியுங்கள். வாலையோ கொம்பையோ கைப்பிடியாக்க வேண்டாம்.

வெளிர்பச்சைத் தூள் வருகிறது. களிம்பா, நோயா?

அடர்ந்து, இறுகி, நகத்தால் வராத பச்சை பழைய களிம்பு, அதை விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைப் புள்ளி, தொட்டால் தூளாக உதிர்ந்து, துடைத்த சில நாளில் மீண்டும் வந்தால் வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலம் உண்டாக்க, அது புதிய உலோகத்தைத் தின்னும், மறுபடி குளோரைடு பிறக்கும். இந்தச் சுழற்சி தானாக நிற்காது.

உடனே அதை மற்றச் சிற்பங்களிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அரிப்பு தூங்கும். தூளை மரக்குச்சியால் அகற்றியபின் எத்தனாலில் 3 விழுக்காடு பென்சோடிரையசோல் கலந்து ஊறவைப்பது சிகிச்சை. அந்த வேதிப்பொருள் நச்சுத்தன்மை உள்ளது. தொன்மையான உருவமானால் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள், உலர் பெட்டி வரை நீங்களே செய்யலாம்.

கால் முறிந்துவிட்டது. என்ன செய்வது?

முறிந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். முறிவின் நுண்மணிகள் உரசித் தேய்ந்தால் பின்னர் இடைவெளி தெரியும். தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். ஈயப் பற்றாசு வேண்டாம், அது நிறத்தைக் கெடுக்கும், பிற்காலப் பற்றவைப்பையும் தடுக்கும். புதிய சிற்பமென்றால் இருபுறமும் துளையிட்டு வெண்கல ஆணி வைத்துப் பற்றவைத்து நிறம் ஏற்றலாம். பழையதென்றால் வல்லுநர், பின்னாளில் கழற்றக்கூடிய பசையால் ஒட்டுவார். மெல்லிய கால் முறிந்த இடத்தில் பஞ்சு போன்ற குழி தெரிந்தால், பாரம் தாங்காத அந்த இடம் வார்த்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. மற்ற மூன்று கால்களையும் எக்ஸ்-கதிரில் பார்த்துவிடுங்கள்.